நான் காலியாக விட்ட கட்டம்

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, சரியாக நினைவில்லை. புனேயில் மழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கும் செப்டம்பர் மாதம். கல்யாணமாகி கோயம்புத்தூரிலிருந்து புனே ஓரத்தில் இருக்கும் சாங்விக்கு வந்து எனக்கு அது இரண்டாவது வருடம். கணவருக்குக் கணினி நிறுவனத்தில் வேலை. தாவரவியல் படித்த நான் வீட்டில் சப்பாத்தி தேய்க்கப் பழகிக்கொண்டிருந்தேன். ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. அதனால் கேம்ப் பகுதியில் ஒரு சின்ன அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது என்னைவிட அவர்தான் அதிகம் சந்தோஷப்பட்டார்.

சாலை, அணை, குவாரி என்று எது வருவதானாலும், அந்த இடத்தில் என்னென்ன செடிகொடிகள் இருக்கின்றன என்று பார்த்து அறிக்கை தருவதுதான் அலுவலகத்தின் தொழில். நான் இடத்துக்கெல்லாம் போக வேண்டியதில்லை. உலகத்தில் உள்ள காடு, புல்வெளி, சதுப்பு எல்லாவற்றையும் வகை பிரித்து, வகைக்கு ஒரு எண் கொடுத்து வைத்திருந்த ஒரு இணையத்தளம் இருந்தது. உயரம், மழையளவு, மண், செடிகளின் அடர்த்தி என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பித் தேடினால், அந்த இடம் எந்த வகை என்று சொல்லிவிடும். அந்த எண்ணை அறிக்கையில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் அந்தத் தளத்துக்குள் போனால் எனக்குத் திரும்பி வர மனசே வராது. அன்றைய இணைய வேகத்தில் ஒரு பக்கம் மேலிருந்து கீழே வரிவரியாகத்தான் இறங்கும். முதலில் பெயர் வரும். பனிமூட்டத்தில் நனைந்த குட்டை மரக்காடு. அடுத்த வரி வருவதற்குள் நான் அந்தக் காட்டுக்குள் பாதி தூரம் நடந்திருப்பேன். கடல் வந்து வந்து போகும் உப்பு மண்ணில் வளரும் செடிகள், ஆறு மாதம் வெள்ளத்தில் நிற்கும் மரங்கள். கீழே தெருவில் ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, நான் எங்கேயோ கழுத்தளவு புல்லில் இருப்பேன். மேலாளர் ஒரு மராட்டியப் பெண்மணி. என் மேசையைத் தாண்டும்போதெல்லாம், ‘இன்று எந்த நாட்டில் இருக்கிறாய்?’ என்று ஆங்கிலத்தில் கேட்டுச் சிரிப்பார்.

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மழை தொடங்கிவிட்டால் மலைப்பாதைகளில் வண்டி ஏறாது. அதனால் ஏப்ரல், மே மாதங்களில் ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்து, அளவெடுத்து வந்துவிடுவார்கள். மழை நான்கு மாதமும் உள்ளே உட்கார்ந்து அறிக்கை எழுதுவோம். காலங்காலமாக இப்படித்தான் நடந்தது, யாருக்கும் இதில் தப்பு தெரியவில்லை.

அந்த வாரம் என்னிடம் வந்தது ஒரு மலை உச்சியின் கோப்பு. புனேயிலிருந்து மூன்று மணி நேரத் தூரம். உச்சி முழுவதும் தட்டையான பாறை. அதைத் தோண்டிக் கல்லெடுக்க ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. படங்களைப் பார்த்தேன். கறுத்துப் போன பாறை, நடுநடுவே காய்ந்த புல்லின் வேர்க்கட்டை. விவரங்களைப் போட்டுத் தேடினேன். கடைசியில் ‘எந்தப் பருவம்?’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதையும் நிரப்பினால் பதில் வர இன்னும் ஐந்து நிமிடம் ஆகும், சமயத்தில் இணைப்பே அறுந்துவிடும். அதனால் நான் அதை எப்போதும் காலியாகவே விடுவேன். அன்றும் விட்டேன். ‘வெற்றுப் பாறை, குறிப்பிடும்படியான தாவரம் இல்லை’ என்று வந்தது. எழுதி முடித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனேன். திங்கட்கிழமை அறிக்கை போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலக வேன் ஓட்டுநர் மழைக்கு ஒதுங்கி என் மேசைப் பக்கம் நின்றார். என் வயதுதான் இருக்கும். புனேயிலேயே போபோடிக்காரர், பூர்வீகம் வேலூர்ப் பக்கம். அவர் தமிழைக் கேட்பதற்காகவே நான் பேச்சுக் கொடுப்பேன். திரையில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, “இது அந்த சடா தானே மேடம்? மே மாசம் நான்தானே வண்டி ஓட்டினு போனேன்” என்றார். உச்சிப் பாறை மேட்டை அங்கே சடா என்பார்கள்.

“ஆமாங்கண்ணா. வெறும் பாறைதான், ஒண்ணுமே இல்லீங்க” என்றேன்.

“இன்னா மேடம் ஒண்ணுமே இல்லைன்றீங்க? பாரிஷ்ல, மழைல போய்ப் பாருங்கோ, ஏக்தம் வேற மாரி இருக்கும். கீழ இருக்கிற கிராமத்துல கேளுங்கோ.”

எனக்குச் சுருக்கென்றது. படித்தது நான், இவர் எனக்குச் சொல்வதா என்று தோன்றியது என்பதை இப்போது மறைத்து என்ன ஆகப் போகிறது? ஆனாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள், மே மாதம் ஆய்வுக் குழு கீழே கிராமத்தில் விட்டுவிட்டு வந்த கருவிகளை எடுத்துவர அவர் அந்தப் பக்கம் போவதாக இருந்தது. கணவரையும் கிளப்பிக்கொண்டு நானும் வண்டியில் ஏறினேன். ஏறிய நிமிடத்திலிருந்து அவர் தூங்கிவிட்டார், என் கணவரைச் சொல்கிறேன்.

மலையடிவாரத்தில் வேன் நின்றுவிட்டது. கணவரை எழுப்பி மூவருமாக ஒரு மணி நேரம் ஏறினோம். மேலே போனால் மேகம். முன்னால் நடப்பவர் முதுகு தெரியவில்லை. காதுக்குள் பஞ்சு வைத்ததுபோல ஒரு சத்தமும் இல்லை. காலடியில் மட்டும் எங்கோ தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“மேடம், நில்லுங்கோ. பாறை மேலயே கால் வைங்கோ” என்றார் ஓட்டுநர்.

நின்றேன். மேகம் மெல்ல நகர்ந்தது. முதலில் என் செருப்பைச் சுற்றி நீலம். பிறகு ஒரு முழம். பிறகு கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நீலமும் ஊதாவுமாகப் பூக்கள், சுண்டுவிரல் உயரம்கூட இல்லை. நடுவே வெள்ளை வெள்ளையாகப் பொத்தான் பூக்கள், ஓரத்தில் மஞ்சள். விரலை விட்டுப் பார்த்தேன், மண் ஒரு கணு ஆழம்தான் இருந்தது. அதற்குக் கீழே அதே பாறை. அந்த ஒரு கணு மண்ணில் இத்தனையும் நின்றுகொண்டிருந்தன. காற்று வந்தபோது மொத்த உச்சியும் ஒரு தடவை அசைந்தது. நான் இருப்பது நிஜமான இடம்தானா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

“இந்த நீலப் பூவ சீதா மாயீ கண்ணீர்னு சொல்றாங்கோ இங்க” என்றார் அவர். என் கண்ணீரையும் அவர் பார்த்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை சாங்வியில் ஒரு இணைய மையத்தில் போய் உட்கார்ந்தேன். அதே விவரங்கள். செடிகளின் அடர்த்தியைக் கண்ணால் பார்த்தபடி போட்டேன், பருவக் கட்டத்தில் மழைக்குப் பின் என்று நிரப்பினேன். பக்கம் வரிவரியாக இறங்கியது. பாறை உச்சிகளில் மழையை ஒட்டிச் சில வாரங்கள் மட்டும் வாழும் தாவரக் கூட்டம். மேல்மண்ணை வழித்தெடுத்தால் திரும்ப வராது. இது ஒன்றும் புதிதாக முளைத்த பக்கம் இல்லை. இத்தனை நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

திங்கட்கிழமை மேலாளர் முன்னால் போய் நின்றேன். வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டேதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ‘இதற்கு முன்னால் இதே மாதிரி எத்தனை?’

எனக்கு அதுவரை அந்த நினைப்பே வரவில்லை. பழைய கோப்புகளை எடுத்து எண்ணினேன். ஏழு பாறை உச்சிகள். ஏழுக்கும் நான் எழுதியது ஒரே வரி. எல்லா அறிக்கையிலும் கையெழுத்து அவருடையது. அன்று மாலைக்குள் எங்கள் பிழையை ஒப்புக்கொண்டு, அனுமதி தரும் அரசுத் துறைக்கு இடத்துக்கு ஒன்றாக ஏழு கடிதங்களையும் அவரே எழுதினார். எங்களை நம்பி இனி யார் வேலை தருவார்கள் என்று அலுவலகத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாங்கள் பார்த்த உச்சிக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஏழில் நான்கு இடங்களில் மறு ஆய்வுக்கு உத்தரவு வந்தது. மூன்றில் தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். அடுத்த செப்டம்பரில் அந்த மூன்றில் ஒன்றுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை, எனக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. அங்கேயும் மேகம் மூடியிருந்தது. விலகும் வரை ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தேன். விலகியதும் சிவப்பாக ஒரு பெரிய பள்ளம், அதில் மழைத்தண்ணீர். அங்கே என்ன பூத்திருந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை.

தெரியாமல் செய்த தப்புதானே என்று எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். ஆனால் ஐந்து நிமிடம் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் ஒரு மலைக்கு ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதிய கை என்னுடையது என்பதை நான் மறக்கவும் இல்லை, மறக்க விரும்பவும் இல்லை.