பதினெட்டு வருஷ கான்ட்ராக்டும் ஒரு ஜீனும்

தனகோட்டிக்குச் சுரங்கத்தில் பதினெட்டு வருஷ வேலை. பதினெட்டு வருஷமும் கான்ட்ராக்ட். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை அள்ளி மறுபடி பெல்ட்டிலேயே போடுவார். பெல்ட் மறுபடி சிந்தும். பர்மனென்ட் ஆகிறவர்கள் லிஸ்ட்டில் அவர் அறுநூற்றுப் பன்னிரண்டாவது ஆள். இருந்தாலும் மகளுடைய பள்ளிக்கூட விண்ணப்பம் முதற்கொண்டு, தகப்பன் தொழில் என்ற இடத்தில் பர்மனென்ட் ஆட்களைப்போல 'சுரங்க ஊழியர்' என்றுதான் எழுத வைப்பார். பொய் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் அவசரம், அவ்வளவுதான்.

2016இல் அந்த மகள் அன்புக்கரசிக்கு ஹைதராபாத்தில் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்தது. சேர்க்கை விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்து வேண்டும். முதல் ஷிப்ட் முடித்துச் சாப்பிட உட்கார்ந்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"பர்மனென்ட்டா?"

"இல்லப்பா. அஞ்சு வருஷம். வருஷா வருஷம் பாத்து நீட்டிப்பாங்க."

தனகோட்டி பிசைந்த சோற்றை அப்படியே விட்டார். "ஒரு வூட்டுக்கு ஒரு கான்ட்ராக்ட் போதும். வாணாம்."

"என்னா ஆராய்ச்சின்னாவது கேளுங்க," என்றாள் மனைவி கலியம்மாள், குழம்பை ஊற்றியபடி.

வேண்டாவெறுப்பாகக் கேட்டார்.

"நம்ம டி.என்.ஏ.வுல கொஞ்சம்தான்ப்பா ஜீன், புரோட்டீன் செய்யிற பகுதி. மீதி பெரும்பாலும் எந்தப் புரோட்டீனும் செய்யாது. குப்பைன்னே ரொம்ப நாள் சொன்னாங்க. அதுலேர்ந்தும் புது ஜீன் வருது. அதத்தான் ஆராயப் போறேன்."

"சும்மா கெடக்கிறது எப்டி வேலைக்கு வரும்?"

"செல்லு தப்பித் தவறி அதையும் அப்பப்ப படிச்சிடும். அங்கங்க டி.என்.ஏ. எழுத்து மாறினா சின்னதா ஒரு புரோட்டீன் வரும். முக்கால்வாசி உதவாது, காணாமப் போயிடும். எப்பவாவது ஒண்ணு உதவும். அது தலைமுறை தலைமுறையா நின்னுடும்."

"மொதல்ல கான்ட்ராக்ட்டு, அப்பறம் பர்மனென்ட்டு." தனகோட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். உடனே சந்தேகமும் வந்துவிட்டது. "அது வாரிசு வேலையா இருந்தா? ஏற்கெனவே இருக்கிற ஜீனோட புள்ளையா இருக்கும், நைசா உள்ள பூந்திருக்கும்."

அன்புக்கரசி அசந்துபோனாள். புது ஜீன் என்றால் பழைய ஜீனின் நகலிலிருந்துதான் வரும் என்றே விஞ்ஞானிகளும் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

"அதைத்தான்ப்பா சரிபாக்கணும். நான் எடுத்திருக்கிறது ஈஸ்ட்டுன்னு ஒரு நுண்ணுயிரு. அதோட சொந்தக்கார வகைங்கள்லயும் அதே இடத்தப் பாப்போம். எழுத்து ஏறக்குறைய அதேதான் இருக்கும், ஆனா அங்க சும்மா கெடக்கும். அப்ப இது வாரிசு இல்ல, தானா முளைச்சது."

சிபாரிசு இல்லாமல் உள்ளே வந்த ஒரு ஜீனைப் பற்றிக் கேட்டதில் தனகோட்டிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "பர்மனென்ட் ஆவ எத்தினி வருஷம் ஆவும்?"

"சிலதுக்கு லட்சக்கணக்குல."

தனகோட்டி ரசம் ஊற்றச் சொன்னார். "அப்ப எங்க லிஸ்ட்டு வேகமாத்தான் போயிக்கினு இருக்குது."

கலியம்மாள் சிரித்ததில் ரசம் தரையில் சிந்தியது. சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர், விண்ணப்பத்தை எடுத்து வரச் சொன்னார். தகப்பன் தொழில் என்ற இடத்தில் அன்புக்கரசி வழக்கம்போல 'சுரங்க' என்று ஆரம்பிக்கப் போனாள். தனகோட்டி பேனாவை வாங்கிக்கொண்டு, 'கான்ட்ராக்ட் தொழிலாளி, 18 வருஷம்' என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"வருஷமெல்லாம் கேக்கலப்பா."

"கேக்காட்டி என்னா. தப்பித் தவறி எவனாவது படிப்பான்."