பெரியவர் உதிர்த்த முடி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி மடிப்பதுதான் அந்தம்மாளின் வேலை. காலை முதல் சாயங்காலம் வரை விரிப்புகளை உதறி, மடித்து, அடுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் உதறல்தான். சோபா உறையை உதறு, தலையணையை உதறு, கம்பளத்தைப் பால்கனிக்கு இழுத்துப் போய் உதறு. எங்கே பார்த்தாலும் முடி. காபியில்கூட ஒன்றிரண்டு மிதக்கும். எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்துவிடுவாள்.

வீட்டில் ஒரு நாயும் ஒரு பூனையும் இருந்தன. மகன் வேலைக்கு வேறு ஊர் போனபோது, "ஒரே ஒரு மாசம் பாத்துக்கம்மா" என்று விட்டுப்போன நாய் அது. அந்த ஒரு மாதம் வருடக்கணக்காக நீண்டுவிட்டது. நாயின் கறுப்பு மூஞ்சி வெளுத்தது, பின்னங்கால்கள் தள்ளாடின. எல்லோரும் அதைப் பெரியவர் என்றே கூப்பிட்டார்கள். பூனை தானாக வந்தது. வந்த அன்றே வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு நல்ல நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டதால் மேனேஜர் என்று பெயர் விழுந்தது.

கணவர் பஸ் ஓட்டுபவர். கொஞ்ச காலமாக அவருக்கு இழுப்பு வந்துவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்கினார். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"விலங்குகள வேற யார்கிட்டயாவது குடுத்துடுறது நல்லது. முடியலன்னா, வீட்ல முடி, தூசி எதுவும் தங்கக் கூடாது. படுக்கிற ரூமுக்குள்ள அதுங்கள விடவே விடாதீங்க. துடைப்பம் வேண்டாம், நல்ல வேக்குவம் கிளீனரா வாங்குங்க."

இருவரும் வீடு திரும்பினார்கள். படியேறும்போது கணவர், "நீ என்ன சொல்றியோ அதான்" என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. முடிவும் அவள் தலையில், பழியும் அவள் தலையில்.

மகனுக்குப் போன் போட்டாள்.

"இங்க நாய் வச்சுக்க விடமாட்டாங்கம்மா. நீ ஒரு ரோபோ வாங்கிடு, அது பாட்டுக்குப் பெருக்கிட்டுக் கிடக்கும்."

கூடத்து மூலையில் பெரியவர் படுத்திருந்தார். அவள் குரல் கேட்டதும் வாலை ஒருமுறை தரையில் தட்டினார். இந்த வயதில் இதை யார் வாசலில் கொண்டுபோய் விடுவது என்று அவளுக்கு அலுப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் உதறிய முடியை ஒரு பாலிதீன் பையில் கட்டி எடுத்துக்கொண்டாள். வேலை முடிந்ததும் நேரே கடைக்குப் போனாள். விற்பனைக்காரர் முதலில் ரோபோவைத்தான் காட்டினார். தட்டு மாதிரி இருந்தது, சமர்த்தாகத் தரையில் சுற்றியது.

"எங்க நாய்க்கு வயசாயிடுச்சு. சில நாள் கூடத்துலயே ஒண்ணுக்குப் போயிடும். அப்ப இது என்ன பண்ணும்?"

விற்பனைக்காரரின் சிரிப்பு அப்படியே நின்றது. "அது... அதுமேல ஏறிப் போயிடும் மேடம்."

"ஏறிப் போயி?"

"வீடு பூரா..." என்றவர் மீதியை விழுங்கிவிட்டு, கையில் பிடித்து ஓட்டும் ஒல்லியான இயந்திரத்தை எடுத்து நீட்டினார். அவள் பையை அவிழ்த்து, கடையின் கம்பளத்தில் முடியைக் கொட்டினாள்.

"மேடம், மேடம்! என்ன கொட்றீங்க?"

"எங்க வீட்டுப் பெரியவரோட முடி. மேனேஜரோடதும் கொஞ்சம் கலந்திருக்கு."

அவர் முகம் வெளிறி, தன் மேனேஜரின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்.

"குடுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்று அந்தப் பெண் இயந்திரத்தை வாங்கி ஓட்டினாள். முடி போனது. ஆனால் பாதி உருளையில் சுற்றிக்கொண்டது. குப்பை சேரும் குப்பியைத் திறந்து கொட்டியபோது புகைபோலத் தூசி எழுந்தது.

"வீட்ல யாருக்காவது இழுப்பு இருக்காக்கா?"

"அவருக்கு."

"அப்ப இது வேண்டாம். எங்க வீட்ல மூணு பூனை, நானும் இத வாங்கிட்டு அவஸ்தைப்பட்டேன். அதோ, பை வச்சது இருக்கு பாருங்க. குப்பை பைக்குள்ளயே இருக்கும், மூடி அப்படியே தூக்கிப் போட்டுடலாம். வெளிய வர்ற காத்தும் வடிகட்டித்தான் வரும். ஆனா கனம். சத்தம் போடும். பை தீரத் தீர வாங்கணும்."

கனம் என்றதுமே தோள் வலித்தது. அவள் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீயே ஒண்ணு சொல்லிடும்மா. என்னால இனிமே யோசிக்க முடியல."

அந்தப் பெண் பை வைத்த இயந்திரத்தின் பெட்டியை இறக்கி வைத்தாள். "கனமானதையே எடுத்துக்கங்கக்கா" என்றாள்.

பஸ்ஸில் பெட்டியை மடியில் சுமந்து வந்து சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை இயந்திரத்தை முடுக்கியதும் மேனேஜர் அலமாரி உச்சிக்குத் தாவினார். பெரியவர் ஓடப் பார்த்து, கால் வழுக்கி, நடுக்கூடத்தில் விழுந்து வெடவெடவென்று நடுங்கினார். அறைக்குள்ளிருந்து கணவர் வந்தார்.

"ஐயோ, நீங்க தூக்காதீங்க!"

"நீ உன் வேலையப் பாரு."

மூக்கிலும் வாயிலும் துண்டைக் கட்டிக்கொண்டு, பெரியவரின் வயிற்றடியில் ஒரு பழைய துணியைக் கொடுத்துத் தாங்கி, ஒவ்வொரு படியாக இறக்கிக் கூட்டிப்போனார்.

அவள் அறை அறையாக இழுத்து ஓட்டினாள். பழுப்பென்று நினைத்திருந்த சோபா பச்சை நிறமானது. பச்சையில்தான் வாங்கினோம் என்பதே மறந்துபோயிருந்தது. கை விட்டுப்போகும்போல இருக்க, இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். கடைசிப் படியில் கணவர் உட்கார்ந்திருந்தார். சற்றுத் தள்ளிப் படுத்திருந்த பெரியவரிடம் துண்டை விலக்காமலே ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அவள் உடனே கூப்பிடவில்லை. முடியில்லாத தரையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அதன்பின் ஞாயிறுதோறும் பெரியவரை இறக்குவது அவர் பாடு என்றானது. ஈரத்துணி போட்டுத் தரை துடைப்பதையும், "இதுல தூசி கிளம்பாது, நீங்களே பண்ணுங்க" என்று அவரிடமே தள்ளினாள். முணுமுணுத்துக்கொண்டே செய்தார். படுக்கையறைக் கதவு மூடியே இருந்தது. மேனேஜர் அதைப் பிறாண்டிப் பிறாண்டிப் பார்த்துச் சலித்துப்போனார். இழுப்பு முழுதும் போகவில்லை, மருந்தும் நிற்கவில்லை. ஆனால் டாக்டர், "பரவால்ல, இப்படியே இருங்க" என்றார்.

ஒரு மத்தியானம் அவள் ஏதோ எடுக்க அறைக்குள் போனபோது, கணவர் கட்டிலில் நேராகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு சீராக வந்தது. மடிக்க வேண்டிய துணிகள் கட்டிலில் அவர் பக்கத்தில் குவிந்து கிடந்தன. அவள் அவற்றை ஓரமாக ஒதுக்கி, கிடைத்த இடத்தில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள்.