கிள்ளானில் ரயில் ஏறிப் போனவள்

இன்று பிரிக்ஃபீல்ட்ஸில் எழுத்தாளர் கூட்டம். என் மனைவி சாந்தி கதை வாசிக்கப் போனாள். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் அவளுக்குக் கார் ஓட்டப் போனேன்.

அங்கே ஒரு வழக்கம். வாசித்தவர், மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. இது நம் வீட்டுக்கும் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாந்தி வாசித்தாள். கதையில் ஒரு கணவன், மனைவி எதைச் சொன்னாலும் கிண்டல் செய்கிறான். ஒருநாள் அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிள்ளான் ஸ்டேஷனில் ரயில் ஏறிவிடுகிறாள். அதோடு கதை நின்றது.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவ திரும்பி வரவே கூடாது லா," என்றார் ஓர் அக்கா.

"பாவம்க்கா, அவன் விளையாட்டாத்தானே பேசறான்?" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் அங்கிள்?" என்று கேட்டாள் ஓர் இளம்பெண்.

ஒரே சிரிப்பு. சாந்தி மட்டும் தண்ணீர் குடித்தாள்.

காரில் ஏறியதும் கேட்டேன். "ஏம்மா, அவ திரும்பி வருவாளா, மாட்டாளா?"

"இன்னும் எழுதலங்க. யோசிச்சிட்டு இருக்கேன்."

வழியெல்லாம் கிண்டலே செய்யாமல் ஓட்டினேன். வீடு வரும்வரை பேச எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

கிண்டல் இல்லாமல் மனைவியிடம் என்னதான் பேசுவது? தெரிந்த அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள், அவள் எழுதி முடிப்பதற்குள்.