கழுவுன காரும் மாமரத்துப் பூச்சியும்

வாகனம் கழுவுற தொழில்ல ஒரு சட்டம் இருக்கு: கழுவுனத வெயில்ல காயப்போடக் கூடாது, கண்ணாடி பூரா தண்ணிப் பொட்டு நிக்கும். கடுகண்ணாவைல எங்க சேர்விஸ் ஸ்டேஷன்ல இருக்கிற ஒரே நெழல் ஒரு மாமரம். நான் அங்க பில் போடுற பொண்ணு. ஏ.எல். பரீட்சைக்கு பயோ படிச்சேன், ரிசல்ட் வந்துச்சு, இங்க வந்தேன். ரெண்டு வேனுக்கு நடுவுல போன்ல இத அடிக்கிறேன். கஸ்டமர் மூஞ்சியப் பாத்துப் பொழைக்கிற எல்லாருக்கும் இது புரியும்.

பாணி

கலகெதரையிலருந்து ஒரு அண்ணன், வெள்ளை வேன். பளபளனு கழுவி மரத்தடில நிறுத்துனோம். சோறு சாப்பிட்டுட்டு வந்து பொனட்டத் தடவுனாரு. வெரல் ஒட்டிக்கிச்சு. "தங்கச்சி, ஷம்பூனு சொல்லிக் கித்துள் சீனிப்பாணிய ஊத்திட்டீங்களா?"

எங்க மொதலாளி பாரூக் நானா மரத்த அண்ணாந்து பாத்தாரு. என்னையும் பாத்தாரு. "இன்னொராள் வந்து பிசுக்குனு சொன்னா இந்த மரத்தத் தறிச்சிப் போடுற, சரியா மகள்?"

ருசி

ஏணி வச்சு ஏறிப் பாத்தேன். எலைக்கு அடில பஞ்சு பஞ்சா மாவுப்பூச்சி! படிச்சத நேர்லயே பாத்ததுல எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஊசி மாதிரி வாய எலைக்குள்ள எறக்கிச் சாறு குடிக்கும். சாறுல சீனி ஜாஸ்தி, சத்து கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்காக வயிறு முட்டக் குடிச்சிட்டு, மிஞ்சுற சீனித்தண்ணியப் பின்பக்கமா விட்டுரும். கார்ல விழுறது அதுதான்.

அன்னிக்குச் சாயந்தரமே ஒரு டீச்சர் கார்க் கதவுல கைய வச்சிட்டு நின்னாங்க. நானா காதுல விழாம, மெதுவா, எல்லாத்தையும் வெளக்குனேன். கைய முந்தானைல தொடச்சாங்க. அப்புறம் சொன்னாங்க: "இனிக்குதேனு நான் ரெண்டு தரம் நக்கிப் பாத்தேன்."

வாயில்லாத மாப்பிள்ளை

ஆட்டோ கழுவ வந்த ஒருத்தருக்கும் அவரு சம்சாரத்துக்கும் சொன்னேன்: மாவுப்பூச்சில பொம்பளைக்கு ரெக்க கெடையாது, ஆயுசுக்கும் ஒக்காந்து குடிக்கும். ஆம்பளை பெருசானா ரெக்க மொளைக்கும், வாய் இருக்காது. ஜோடி தேடிப் பறந்துட்டு ரெண்டொரு நாள்ல செத்துரும். அவரு ஆட்டோக் கண்ணாடியத் தொடைக்கத் திரும்பிட்டாரு. அக்காதான் சொன்னாங்க, "ஆண்டவன் யோசிச்சுத்தான் செஞ்சிருக்கான்."

மரத்துக்கு சேர்விஸ்

பூச்சிக்குக் காவல்காரன் எறும்பு. பாணிய நக்கிட்டு, பூச்சியத் திங்க வர்ற வண்ட வெரட்டும். அப்ப எறும்ப நிறுத்தணும். எங்கக்கிட்ட இருக்கிறது ரெண்டு: பிரஷர் ஹோஸ், கிரீஸ். எலைக்கு அடிப்பக்கமாத் தண்ணி அடிச்சேன். அடிமரத்துல பொலித்தீன் சுத்தி, அதுக்கு மேல கிரீஸ் பூசுனேன். மதில்ல முட்டுற கெளைய வெட்டச் சொன்னேன், இல்லாட்டி எறும்பு அந்த வழியா ஏறிரும்.

நானா இடுப்புல கை வச்சிட்டுப் பாத்தாரு. "நாளைக்கு இதுக்கு ஒயிலும் மாத்தச் சொல்லுவியா மகள்?"

வேஷம்

கொஞ்ச நாள் கழிச்சு நானா கத்துறாரு, பூச்சி குட்டி போட்டுப் பெருசாகிருச்சாம். கையில ஹோஸ். ஓடிப் போய்ப் பாத்தா, வெள்ளையா சடை சடையா ஒன்னு நடக்குது. அது வண்டோட புழு! மாவுப்பூச்சி மாதிரியே மேல்பூரா வெள்ளை மெழுகு, மாவுப்பூச்சியவே திங்கும். ஹோஸப் புடிச்சு இழுத்தேன், ரெண்டு பேரும் நனைஞ்சோம். நானா மூஞ்சியத் தொடச்சிட்டுச் சொன்னாரு: "எனக்குப் பாக்க கள்ளனும் பொலீஸும் ஒரே மாதிரித்தான் ஈக்கி."

மறுபடி வெள்ளை வேன்

கலகெதர அண்ணன் போன கெழமை திரும்ப வந்தாரு. கழுவி, மரத்தடில விட்டோம். அவரு மரத்தடிலயே நின்னு போன் பேசுனாரு. முடிச்சிட்டு பொனட்ல வெரல வச்சாரு. நானா அந்த வெரலப் பாக்குறாரு, நான் நானாவப் பாக்குறேன்.

ஒட்டல. பொனட்டு, கதவு, கண்ணாடி, எல்லாத்தையும் தடவுனாரு. ஒன்னுமே ஒட்டல. நானா மரத்துல ஒரு தட்டுத் தட்டிட்டு உள்ள போனாரு.

அண்ணன் வேன்ல ஏறத் திரும்புனாரு. வெள்ளைச் சட்ட, முதுகு பூரா மரத்துக் கிரீஸ். "தங்கச்சி, வேன் பிசுக்கில்ல; நான்தான் பிசுக்கு."

பூச்சிக்குச் சாறு, எறும்புக்குப் பாணி, எனக்கு ஏச்சு, ஆனா மரம் நிக்குது.