காலி பிரேமும் நாலு லைட்டும்

ஸ்டுடியோவுக்கு வருகிற யாரும் தன் முகம் இருக்கிறபடியே படத்தில் வரவேண்டும் என்று கேட்பதில்லை. இந்த போட்டோத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை. சங்கரன்கோவிலில் கடை போட்ட புதிதில் எனக்கு நுவார் பைத்தியம் பிடித்திருந்தது. பழைய கருப்பு வெள்ளைக் குற்றப் படங்களின் பாணி அது. பாதி முகம் இருட்டில் இருக்கும், மேலே ஜன்னல் நிழல் விழும், தெரு நனைந்து கிடக்கும், ஆள் நல்லவனா கெட்டவனா என்று பிடிபடாது. அப்படி ஒரு படம் எடுத்து மாட்டியே தீருவது என்று ஷோகேஸ் நடுவில் ஒரு காலி பிரேமைத் தொங்கவிட்டேன். அது வெகுகாலம் காலியாகவே தொங்கியது.

பாதி முகம்

முதலில் சிக்கியவன் திருவேங்கடம் ஊர் மிளகாய் வியாபாரியின் மகன். பெண் வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டும். ஒரே லைட், அதையும் பக்கவாட்டில் வைத்தேன். மூக்குக்கு அந்தப் பக்கம் கும்மிருட்டு. பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் அப்பா, எடுக்கும்போது கரண்டு போய்விட்டதா என்று விசாரித்தார். இல்லை, கலை என்றேன்.

"மறுபாதி எங்கன்னு பொண்ணு வீட்டுல கேட்டா நான் என்னத்தச் சொல்லுதது, தம்பி?"

ஜன்னல் நிழல்

அட்டையைக் கீறி லைட்டுக்கு முன்னால் பிடித்தால் முகத்தில் வரிவரியாக நிழல் விழும். துபாயிலிருந்து லீவில் வந்த கடையநல்லூர்க்காரரை அப்படி எடுத்தேன். அவர் ரசித்துத்தான் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க உம்மா பாத்தா, அங்கன என்னைய உள்ள வச்சிட்டாங்கன்னு அழுவாவ."

ஈரத் தெரு

கல்யாண ஜோடி ஒன்று வெளியே எடுக்கச் சம்மதித்தது. தெரு மினுங்கவேண்டும், மழையோ வருவதாக இல்லை. டிராக்டர் டேங்கர் வரவழைத்துத் தண்ணீரைத் தெருவில் திறந்துவிட்டேன். கேமராவை எடுப்பதற்குள் குடங்கள் வந்துவிட்டன. மாப்பிள்ளையே கோட்டைக் கழற்றிவிட்டுக் குடம் தூக்கிவிட ஆரம்பித்தார். குடத்தோடு முன்னால் நின்ற அக்கா என்னிடம் கேட்டார்:

"ஏலே, தாகமா இருக்குன்னு ரோடு வந்து உங்கிட்டச் சொல்லிச்சா? கொடத்துல ஊத்து."

நாலாவது லைட்

சிவகிரியிலிருந்து ஒரு பெண் தனியாக வந்தாள். சின்ன வயதில் வெந்நீர் கொட்டி, இடது கன்னம் முழுக்கத் தழும்பு. வேறு ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் அதை அழித்துக் கொடுத்திருந்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டுப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நேரில் பார்த்ததும் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போய்விட்டார்களாம்.

எனக்குக் கை பரபரத்தது. வலப்பக்கம் ஒரே லைட். இடது கன்னம் இருட்டில் கரைந்துபோனது. நான் ஏங்கிய படம் அதுதான். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். "நல்லா இருக்கு. ஆனா அந்தப் பக்கமும் லைட்டப் போடுங்க" என்றாள். நாலு லைட்டையும் போட்டேன். அவள் சிரிக்காமல், நேராக கேமராவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. பிரேமில் மாட்டலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"மாட்டுங்க அண்ணாச்சி. பொண்ணு பாக்க வாரவங்க முதல்ல இங்கன பாத்துட்டு வரட்டும். எங்கம்மைக்கு கேசரி கிண்டுத வேல மிச்சம்."

அந்த பிரேமில் இப்போது தொங்குவது ஒரு பொட்டு இருட்டு இல்லாத படம்; என் நுவார் வாழ்க்கையின் மொத்தச் சாதனையும் அதுதான்.