சத்தம் நின்றால்

எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி ராஜபாளையம் போய் ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ் நடத்தினேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல்தான் இருக்கும். அதிலும் 'சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக' என்ற பகுதி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நாற்பது பிள்ளைகளும் நோட்ஸைப் பார்த்து ஒரே வாக்கியத்தை எழுதி வைத்திருப்பார்கள். "சொந்த வாக்கியம்னா ஒங்க வாக்கியம். நோட்ஸ் போட்டவன் வாக்கியம் இல்ல" என்று கத்துவேன்.

அன்றைக்குக் கொடுத்த சொல் 'சத்தம்'. வகுப்பறையில் சத்தம் போடக் கூடாது, வகுப்பறையில் சத்தம் போடக் கூடாது என்று படித்துப் படித்து எனக்கே அலுத்துவிட்டது. நடுவில் ஒரு நோட்டு வந்தது. மூன்றாவது பெஞ்சில் உட்காரும், அதிகம் வாய் திறக்காத ஒரு சிறுமியுடையது. 'சத்தம் நின்றால் தம்பி எழுந்து அழுவான்' என்று எழுதியிருந்தாள்.

அவசரத்தில் எழுதிய தப்பு என்று நினைத்தேன். 'நின்றால்' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, 'கேட்டால்' என்று மேலே எழுதினேன். அதோடு விட்டேனா?

"ஏட்டி, சத்தம் கேட்டாத்தான பிள்ளை முழிக்கும்? யோசிச்சு எழுத வேண்டாமா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பத்துத் தடவை எழுதி வரச் சொன்னேன். எழுதி வந்தாள்.

இரண்டு மாதம் கழித்து, வாக்காளர் பட்டியல் சரிபார்க்கும் வேலையை எங்கள் தலையில் கட்டினார்கள். விசைத்தறிகள் ஓடும் ஒரு தெருவில் வீடு வீடாகப் போனபோது அவள் வீடும் வந்தது. ஒரே அறை. பேண்டேஜ் துணி நெய்யும் தறி பாதி இடத்தை அடைத்திருந்தது. அதற்குப் பக்கத்திலேயே தொட்டில் கட்டியிருந்தார்கள். உள்ளே கைக்குழந்தை அசந்து தூங்கியது. நான் கேட்பது அவள் அம்மாவுக்குக் கேட்கவில்லை. அவர் சொல்வது எனக்குக் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. தறி நின்றதுதான் தாமதம், குழந்தை வீறிட்டு அழுதது.

"இவன் இப்பிடித்தான் டீச்சர்" என்றார் அம்மா, தொட்டிலை ஆட்டிக்கொண்டே. "தறி ஓடுனா எம்புட்டு நேரம்னாலும் தூங்குவான். நின்னா ஒடனே முழிச்சிருவான்."

அந்தச் சிறுமி சுவரோரம் நின்றிருந்தாள். அவள் முகத்தில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். டீச்சர் வீட்டுக்கு வந்த சந்தோஷம்தான் இருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "அன்னைக்கு இவ எழுதுனதுதான் சரி. தப்பு என் மேல." அவள் நோட்டை வாங்கிச் சரி போட்டுக் கொடுத்தேன். அத்தோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் 'மழை' என்ற சொல்லைக் கொடுத்தேன். மற்றவர்கள் எழுதத் தொடங்கினார்கள். அவள் மட்டும் நோட்டோடு என் மேசைக்கு வந்தாள். பக்கம் காலியாக இருந்தது.

"ஏன்மா எழுதல?"

"எது சரின்னு நீங்களே சொல்லுங்க டீச்சர். அதையே எழுதிர்றேன்."

அந்த வருடம் முடியும்வரை அவளிடமிருந்து எனக்கு இன்னொரு சொந்த வாக்கியம் கிடைக்கவில்லை.