ஒன்பது நாள் மூடியிருந்த அறை

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் என் நண்பரின் வீட்டுக்குப் பின்னால் எட்டடிக்கு எட்டடி அளவில் ஓர் அறை இருந்தது. செவ்வாய்க் கோளில் மனிதர் குடியேற முடியுமா என்பதைச் சிறிய அளவில் பார்த்துவிடலாம் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து அமைத்தது. அங்கே நடந்ததை அவருடைய சொந்தக்காரர்கள் ஒரு விதமாகவும் என் தெருக்காரர்கள் வேறு விதமாகவும் சொல்கிறார்கள். கூட இருந்தவன் நான். நாளும் நேரமும் என்னிடம் இருக்கின்றன.

நண்பர் ஏ.சி. மெக்கானிக். பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகள் பலவற்றுக்கு அவர்தான் வைத்தியர். நான் நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு சின்ன காஞ்சிபுரத்தில். ஒரு மாசி மாதப் புதன்கிழமை என் வீட்டு ஏ.சி.யைப் பார்க்க வந்தவர், மேஜை மேல் விரித்திருந்த செவ்வாய் வரைபடத்தைக் கண்டு ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"இது எந்தத் தாலுக்கா சார்?"

சொன்னேன். அன்று ஏ.சி. சரியாகவில்லை.

அதன் பிறகு ஞாயிறுதோறும் சந்தித்தோம். துருவங்களில் உறைந்து கிடப்பதை உருக்கி, காற்றை அடர்த்தியாக்கி, பாசியில் தொடங்கி மரம் வரை கொண்டுபோவது பற்றிப் படித்ததையெல்லாம் அவரிடம் சொல்வேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "லீக் ஆனா?" என்பார். செவ்வாயில் ஒரு காலத்தில் இருந்த காற்று பெரும்பாலும் விண்வெளிக்குக் கசிந்துதான் போனது என்று நான் பல மாதம் படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். அவருக்கு முதல் நாளே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

பூ வியாபாரி ஒருவர் கழித்துக் கட்டிய குளிர் அறையின் பலகைகளை அவர் வாங்கி வந்து பின்கட்டில் நிறுத்தினார். கதவில் ஒரு கண்ணாடிச் சன்னல். உள்ளே வரிசையாக விளக்குகள். செவ்வாய் மண்ணுக்குப் பதிலாகச் செங்கல் பொடியும் கல் குவாரித் தூசியும் கலந்து ஓரடி உயரத்துக்குப் பரப்பினோம். அவர் மனைவி துடைப்பத்தோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏரில சொட்டுத் தண்ணி இல்ல. இவரு செவ்வாய்ல கீரை போடப் போறாராம். முதல்ல நம்ம மோட்டார ரிப்பேர் பண்ணுயா."

"அங்க மோட்டாரே தேவையில்லமா, எல்லாம் ஐஸு," என்றார் நண்பர்.

நட்ட கீரை ஒரு வாரத்தில் செத்தது. அந்த மண்ணில் உயிர்ச்சத்து எதுவும் இல்லை. அதைக் கொடுக்க வேண்டும் என்று சொன்னது நான். எதைக் கொடுப்பது என்று முடிவு செய்ததும் நான்தான். பெருமாளுக்குச் சாற்றிக் களைந்த மாலைகளைக் கால் படும் இடத்தில் போடக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் வழக்கம். ஓடுகிற தண்ணீரிலோ செடியின் வேரிலோ சேர்ப்பார்கள். கோயிலில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய கைங்கர்யம் உண்டு என்பதால், கேட்டால் கொடுப்பார்கள். வைகாசி கருட சேவைக்கு மறுநாள் பதினான்கு சாக்கு மாலைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு முசரவாக்கம் போனேன். துளசி, மல்லி, சாமந்தி, மரிக்கொழுந்து. இதைவிட உயர்ந்த உரம் உலகத்தில் கிடையாது என்று நினைத்தேன்.

"சாமி மாலைய எங்க ஊட்டாண்ட கொட்றீங்களே சார், நாங்க சர்ச்சுக்குப் போறவங்க," என்றார் அவர் மனைவி.

"பூ பூதாம்மா," என்றேன்.

மாலைகளை நறுக்கிச் செங்கல் பொடியோடு கலந்தோம். வேர்மண்ணோடு இருபது பொன்னாங்கண்ணிச் செடிகளை நட்டுத் தண்ணீர் தெளித்தோம். பிறகு கதவை மூடி, இடுக்கெல்லாம் அகலமான டேப் ஒட்டினோம். ஒன்பது நாள் திறப்பதில்லை, செடிகள் தமக்கான காற்றைத் தாமே உண்டாக்கட்டும் என்பது திட்டம். ஐந்தாம் நாள் கண்ணாடியின் உட்புறம் நீர்த்துளிகள் கோத்து வழிந்தன. நண்பர் என்னைத் தொலைபேசியில் அழைத்துக் கத்தினார்: "மழை சார்! உள்ள மழை பேய்துக்கினு இருக்குது!" நான் அடுத்த பேருந்தைப் பிடித்துப் போய்ப் பார்த்தேன். இருவரும் டீக்கடையில் இனிப்பு வாங்கித் தின்றோம்.

ஒன்பதாம் நாள் ஞாயிறு. ஒருவர் உள்ளே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். எட்டடி அறையின் காற்று, செடியே இல்லாவிட்டாலும், ஒரு மனிதனுக்கு அதைப்போலப் பல மடங்கு நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கணக்கை இரண்டு முறை சரிபார்த்தேன். ஆனால் உள்ளே இருப்பது வெளிக்காற்றுதான் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது.

சட்டையைக் கழற்றிக்கொண்டே நண்பர் கேட்டார்: "சார், ஒரு விளக்க ஏத்தி உள்ள வெச்சிப் பாக்கலாமா? எங்கப்பா கெணறு தூர் வாரச் சொல்ல, கயித்துல விளக்கக் கட்டி எறக்கிப் பாத்துட்டுதான் எறங்குவாரு. அணைஞ்சா மேல வந்துருவாரு."

"விளக்கு உள்ளே இருக்கும் பிராணவாயுவைத் தின்னும். புகையும் விடும். ஒன்பது நாள் காத்திருந்ததெல்லாம் வீண்," என்றேன்.

"ஆமால்ல," என்று சிரித்தார். "கெணத்துக்கு ஓகே. இது பிளானெட்டு."

நான்கு பத்துக்கு உள்ளே போனார். காற்று வெளியேறாமலிருக்கக் கதவை ஓர் ஆள் நுழையும் அளவுக்கே திறந்து உடனே சாத்தினேன். டேப்பை மறுபடி ஒட்டினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் பலகையில் தட்ட வேண்டும். நான்கு பதினைந்துக்குத் தட்டினார். நான்கு பதினெட்டுக்கு மறுபடி தட்டினார். அவருடைய கடிகாரம் இரண்டு நிமிடம் முந்துகிறது என்று குறித்துக்கொண்டேன். நான்கு இருபதுக்குத் தட்டவில்லை. அந்தத் தட்டைத்தான் முன்கூட்டியே தட்டிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். நான்கு இருபத்தைந்துக்கும் சத்தம் இல்லை. கண்ணாடியில் நீர் மூடியிருந்ததால் உள்ளே எதுவும் தெரியவில்லை. இன்னும் ஒரு நிமிடம் பொறுத்தேன். பிறகுதான் டேப்பில் கை வைத்தேன். அது நன்றாக ஒட்டியிருந்தது.

கதவு திறந்ததும் முகத்தில் அடித்தது புளித்த வெக்கை. மூச்சு முட்டியது. நான் போட்ட கூச்சலில் அவர் மனைவி ஓடிவந்தார். கதவுக்குப் பக்கத்திலேயே கிடந்தவரை ஆளுக்கொரு காலைப் பிடித்து வெளியே இழுத்தோம். உதடு கருநீலமாக இருந்தது.

மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர், "உள்ள எவ்ளோ நேரம் இருந்தாரு?" என்று கேட்டார்.

"பதினேழு நிமிடம்."

"கரெக்டா தெரியுமா?"

"தெரியும்," என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

பிறகு படித்துப் புரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். அழுகும் பூவும் மூச்சு விடும். அதிலுள்ள நுண்ணுயிர்கள் பிராணவாயுவை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை விடும். பதினான்கு சாக்குப் பூவின் பசிக்கு இருபது கீரைச் செடி ஈடு கொடுக்காது. மழை என்று நாங்கள் கொண்டாடியது அழுகலின் சூட்டில் கிளம்பிய ஆவி. செவ்வாயின் காற்று பெரும்பாலும் கரியமில வாயுதான். அதை மனிதருக்கு ஏற்றதாக மாற்றிப் பார்க்கக் கட்டிய அறையில், மனிதருக்கு ஏற்ற காற்றை நாங்கள் அந்தத் திசையில் தள்ளியிருந்தோம்.

நண்பர் பிழைத்தார். ஆனி முழுவதும் மருத்துவமனை. கை நடுங்குகிறது, செம்புக் குழாயைப் பற்றவைக்க முடியாது. அவருடைய ரிப்பேர் கடையை மூடிவிட்டார்கள். பழைய விஷயங்கள் நினைவில் இருக்கின்றன. என் வீட்டு ஏ.சி.யின் மாடலைக்கூடச் சொல்வார். காலையில் சாப்பிட்டதைச் சொல்ல முடியாது. புதிதாக எதைச் சொன்னாலும் மறுநாள் நிற்பதில்லை.

ஆடி இரண்டாம் வெள்ளியன்று அவர் மனைவியிடம் விளக்கு விஷயத்தைச் சொன்னேன். நண்பர் கேட்டதையும் நான் தடுத்ததையும் சொன்னேன். அந்த அம்மாள் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"தெரியும் சார். சமையக்கட்டுல கேட்டுக்கினுதான் இருந்தேன். வெச்சிப் பாத்துட்டுப் போயேன்யானு வாய் வரைக்கும் வந்துச்சு. சார் இவ்ளோ படிச்சவரு, நமக்கு இன்னா தெரியும்னு இருந்துட்டேன்." ஆய்ந்த கீரையை முறத்தில் தள்ளிவிட்டு, "அவரு கேட்டா நீங்களே சொல்லுங்க. என்னால சொல்ல முடியாது," என்றார்.

நண்பர் கேட்கிறார், தினமும். நான் மாலை ஐந்து மணி பேருந்தில் போய் இறங்கியதும், "சார், ரூம்ல காத்து இன்னா ஆச்சு?" என்பார். மாலைகள், மூடிய கதவு, விளக்கு எல்லாவற்றையும் சொல்வேன். அவருக்கு ஒவ்வொரு நாளும் அது முதல் முறை. ஒரு நாள், "அப்ப எங்கப்பா நம்மள விட மேலு சார்," என்று வயிறு குலுங்கச் சிரித்தார். ஒரு நாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னொரு நாள், "எந்திரிச்சிப் போய்யா," என்று கத்தினார், போய்விட்டேன். மறுநாள் வழக்கம்போல, "வாங்க சார்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நேற்று முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க ஏன் சார் உள்ள போவல?" என்றார்.

இத்தனை நாளில் அவர் அதைக் கேட்டதில்லை. வெளியே இருந்து நேரத்தைக் குறித்துக்கொள்ள ஒருவர் வேண்டியிருந்தது என்றேன்.

"எனக்கும் எழுத வரும் சார்," என்றார்.

நான் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். ஆகவில்லை.

இன்று போனபோது அந்தக் கேள்வி அவர் நினைவில் இல்லை. காற்று என்ன ஆயிற்று என்றுதான் கேட்டார். தொடக்கத்திலிருந்து சொன்னேன். ஒன்பதாம் நாள் வரை வந்ததும், உள்ளே போவது யார் என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.